கலங்கரைக்காரியை நம்பி வாயைக் கொடுத்தேன்

இந்த வருஷம் பேசியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

உங்களுக்கு இது அல்பமாகத் தெரியலாம். எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. மே மாதம், நியூயார்க் மேடை நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வருவதற்கு முன்னால் நானும் என் மனைவி நோரீனும் பந்தயம் கட்டுவோம். தோற்றவர் ஜூன் மாதம் விருது விழாவை டிவியில் பார்க்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. விழா மூன்று மணி நேரம். கட்டடத்தில் பாதிப் பேர் எங்கள் ஹாலில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பாட்டு சொதப்பல், யாருடைய கவுன் கந்தல் என்று கிழித்துத் தொங்கவிடுவார்கள். நான் மட்டும் ஊமையாக சிப்ஸ் பரிமாற வேண்டும். மியூசிகல் என்கிற பாட்டு நாடகப் பைத்தியம் பிடித்த ஒருவனுக்கு இதைவிடக் கொடிய தண்டனையை நியூயார்க்கில் எந்த நீதிபதியும் கொடுத்ததில்லை. நாலு வருஷமாக சிப்ஸ் இலாகா என்னிடம்தான் இருக்கிறது.

ஆனால் இந்தத் தடவை எனக்கு டெல்ஃபின் ஆர்ச்சர் கிடைத்தாள். ‘கலங்கரைக்காரி’ நாடகத்தின் நாயகி. அதற்கு முன்னால் அவளை யாருக்கும் தெரியாது. முதல் பாட்டிலேயே என் கைக்குட்டை நனைந்துவிட்டது. இரண்டாவது பாட்டில் பக்கத்து சீட்டு அம்மாள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். இடைவேளையில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். அந்த அம்மாளின் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது.

நான் படுகிற பாட்டைப் பார்த்து நோரீன் அந்த நாடகத்தின் போஸ்டரை வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் என் நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் மாட்டினாள். உன் ஆளைப் பார்த்துக்கொண்டே சூப் குடி என்றாள். இப்படியும் ஒரு மனைவியா என்று எனக்கு மனசு உருகிவிட்டது.

பட்டியல் வருவதற்கு முந்தின சாயங்காலம் கீழ் வீட்டுக் கோசிமோ வந்தான். ‘அஞ்சல் ரயில்’ நாடகத்தில் தாத்தா வேஷம் போட்ட கிழவர்தான் சிறந்த கதாநாயகன் வரிசையில் வருவார் என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"கோசிமோ, போஸ்டர்ல நாடகத்தோட பேருக்கு மேல பேர் இருந்தா கதாநாயகன். கீழ இருந்தா துணை நடிகர். கமிட்டி கூடி மாத்தினாத்தான் உண்டு. உன் தாத்தா பேர் கீழ இருக்கு. இது கூடத் தெரியாம நீயெல்லாம் எப்படிப்பா ரசிகன்?"

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த நோரீன் திரும்பினாள். "எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கே, வெண்டெல்" என்றாள்.

அந்தப் பாராட்டு நேராகத் தலைக்கு ஏறியது.

"சிறந்த கதாநாயகி வரிசையில டெல்ஃபின் பேர் வரும். எழுதி வச்சுக்கோ" என்றேன்.

"எனக்கென்னவோ அந்த வரிசையில வருவான்னு தோணல."

"மொத்த நாடகத்தையும் தோள்ல தூக்கிக்கிட்டு நிக்கிறாளே, அவளா வரமாட்டா?"

"நல்லாத்தான் பாடுறா. நான் இல்லேன்னு சொல்லல."

"அப்போ பந்தயம்."

"வேண்டாம் வெண்டெல். போன வருஷம் நீ உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு."

பாவமாம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விழாவின்போது மட்டுமல்ல, விழா முடிந்து விடிய விடிய நடக்கிற சண்டையிலும் தோற்றவர் மூச்சு விடக் கூடாது என்று நானே பந்தயத்தை ஏற்றினேன். கோசிமோ சாட்சி. நோரீன் பெருமூச்சு விட்டு, உன் இஷ்டம் என்றாள்.

மறுநாள் காலை லீவு போட்டேன். நான் வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியில். பல்வலி என்று சொன்னால் நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்வார்கள். அதனால் முழங்கால் வலி. டிவி முன்னால் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கதாநாயகி வரிசையை வாசித்தார்கள். டெல்ஃபின் இல்லை. நான் எழுந்து நின்று, கமிட்டிக்குக் காது கேட்குமா என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் துணை நடிகை வரிசை வந்தது. டெல்ஃபின் ஆர்ச்சர், ‘கலங்கரைக்காரி’.

நான் குதித்த குதியில் முழங்கால் நிஜமாகவே வலித்தது. நோரீனும் என்னோடு சேர்ந்து குதித்தாள். கோசிமோவை மாறி மாறி முத்தமிட்டோம்.

"ஜெயிச்சுட்டேன்" என்றேன்.

"எந்த வரிசையில வந்தா?" என்றாள் நோரீன்.

"துணை நடிகை. ஆனா இது அநியாயம். எல்லாப் பாட்டையும் அவதான் பாடுறா, அவ எப்படித் துணை நடிகையாவா?"

"நேத்து கோசிமோவுக்கு ஒரு பாடம் எடுத்தியே. அதை எனக்கும் ஒரு தடவை எடேன்."

என் கழுத்து தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பியது. போஸ்டரின் உச்சியில், டிவியில் வருஷக்கணக்காகப் போலீஸ் வேஷம் போட்ட ஒருவனின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நாடகத்தில் அவன் வருவது இரண்டே காட்சி. இரண்டாவதில் கடலில் மூழ்கிவிடுவான். அவன் பெயருக்கு அடியில் நாடகத்தின் பெயர். அப்புறம் டெல்ஃபினின் முகம். முகத்துக்கும் கீழே, மருந்து பாட்டிலில் இருக்கிற மாதிரிப் பொடி எழுத்தில், டெல்ஃபின் ஆர்ச்சர்.

இதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் சூப் குடித்திருக்கிறேன்.

"இதுக்காகத்தான் இதை என் எதிரே மாட்டினியா?" என்றேன்.

"பந்தயம்னா நியாயமா இருக்கணும் இல்ல? விடையை உன் கண்ணு முன்னாடியே வச்சேன். நீ அவ மூஞ்சியைத் தாண்டிக் கீழ போக மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

கோசிமோ அநியாயத்துக்குச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. விழாவுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது, அதுவரைக்கும் ஆசை தீரப் பேசுவேன் என்று எகிறினேன்.

நோரீன் என் சட்டைக் காலரை அன்போடு சரிசெய்தாள்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒவ்வொரு வருஷமும் நடுவுல முனகி மாட்டிக்கிற. இந்தத் தடவை ஒத்திகையை இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

நான் வாயை மூடிக்கொண்டு சிப்ஸ் எடுக்கப் போனேன்.