கந்தோர்க் கதிரை

மனித நாகரிகம் கதிரையோடு தொடங்குகிறது. நெருப்பைக் கண்டுபிடித்தவன் நிலத்தில் குந்தியிருந்து கண்டுபிடித்தான். அதனால் அவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

இந்த உண்மையைப் பழுகாமத்தில் முதலில் உணர்ந்தவர் சாமித்தம்பிப் போடியார். முப்பத்தாறாம் ஆண்டு, பட்டணத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில், தன் வயல்வட்டைக்குத் தண்ணீர் கேட்டு ஒரு வாய்க்கால் மனுவோடு காலை முதல் மத்தியானம் வரை நின்றபோது உணர்ந்தார். முன்னால் ஒரு கதிரை. கதிரையில் ஒரு துரை. துரை நிமிர்ந்து பார்க்கவில்லை. மனு மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. வாய்க்கால் வரவில்லை, கால் வீங்கியது.

தன் வீட்டிலும் ஒருவர் அப்படிக் கதிரையில் இருக்க வேண்டும், மற்றவர்கள் நிற்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார். நீங்களே இருக்கலாமே என்றாள் மனைவி ஆச்சிப்பிள்ளை. வயல்காரன் இருந்தால் அது வெறும் இருத்தல், உத்தியோகத்தன் இருந்தால்தான் "வீற்றிருத்தல்" என்று போடியார் விளக்கினார்.

ஆகவே மகள் அன்னப்பூரணிக்கு அதே கந்தோரில் வேலை பார்க்கும் நல்லரத்தினம் என்ற கிளாக்கரைப் பேசினார்கள். கல்யாணம் முடிந்ததும் வீடு மகளுக்குச் சேரும், மாப்பிள்ளை அங்கே குடிவருவார்; அதுதான் ஊர் வழக்கம். வருகிறவர் உத்தியோகத்தராகையால் அவருக்கு ஓர் "ஆபீஸ் அறை" வேண்டும், இல்லையென்றால் கல்யாணமே இல்லை என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் சொல்லியனுப்பினார். மாப்பிள்ளை கேட்டாரா என்பது தெரியவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை.

நெல் போட்டிருந்த அறை காலியாயிற்று. நெல் மாட்டுக்கொட்டிலுக்குப் போனது. மாடு மழைக்குப் போனது. நாகரிகத்துக்காக மாடு செய்த இந்தத் தியாகம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சுவர் சுண்ணாம்பு கண்டது. எலிகள் மட்டும் இடமாற்ற உத்தரவை ஏற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கந்தோரில் பழைய தளபாடங்களை ஏலம் விட்டார்கள். போடியார் வேறு எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. தான் எதன் முன்னால் நின்றாரோ அதே கதிரையை எடுத்தார். ஊர் திரும்ப வாவியைக் கடக்கும்போது தோணியில் இடம் போதவில்லை. கதிரை இருந்து வந்தது. போடியார் நின்று வந்தார்.

கதிரையைத் திருத்தக் காத்தான்குடியிலிருந்து உசனார் ஓடாவியார் என்ற தச்சர் வந்து பார்த்தார். ஒரு கால் மற்றவற்றைவிடக் கட்டை. பிரம்பு கிழிந்திருந்தது. தலை சாயும் இடத்தில் பல துரைமாரின் தலையெண்ணெய் கறுத்துப் படிந்திருந்தது. சோடாக்காரம் போட்டுக் கழுவினார். சொரசொரப்பான திருக்கை மீன் தோலால் நான்கு நாள் தேய்த்தார். கறுப்பின் அடியிலிருந்து முதிரை மரம் மஞ்சளாக எழும்பியது. புதுப் பிரம்பு பின்னி, அரக்கைக் கரைத்துத் துணியால் ஒற்றி ஒற்றிப் பூசினார். வலது கைப்பிடிக்கு வந்ததும் நின்றார். அங்கே வரிசையாகச் சிறு பள்ளங்கள். ஆளைக் கூப்பிட ஒரு துரை மோதிரத்தால் தட்டித் தட்டி விழுந்தவை.

"மெழுகும் மரத்தூளும் குழைச்சு அடைச்சிருவன், போடியார். ஒருத்தருக்கும் தெரியா."

"அதத் தொடாதீங்க, ஓடாவியார். அது அதிகாரம் இருந்த இடம்."

"மறுகா பழசெண்டு தெரியுமே."

"தெரியத்தான் வேணும். புதுக்கதிரைக்கு ஆர் பயப்படுவான்?"

உசனார் பள்ளங்களுக்குள்ளும் அரக்கைத் தேய்த்தார். பயத்துக்கும் மினுக்கம் ஏற்றிக் கொடுத்ததாகக் காத்தான்குடியில் போய்ச் சொன்னாராம்.

கல்யாணம் நடந்தது. மறுநாள் அறையைப் பார்க்க ஊர் திரண்டது. மாப்பிள்ளையை வாசல்வரை கூட்டிவந்தார்கள். அவர் கதிரையைக் கண்டார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். உள்ளே போய், கதிரைக்கு முன்னால் மூன்று முழம் தள்ளி, கைகட்டித் தலைகுனிந்து நின்றார்.

"இரிங்க, மருமகன்," என்றார் போடியார்.

"பரவாயில்ல மாமா. இதுக்கு முன்னால நிண்டுதான் பழக்கம்."

"எத்தின வருசமா?"

"ஒம்பது."

போடியாருக்குப் பழைய இடத்தில் கால் வலித்தது. இதுதான் உத்தியோகத்தரின் பணிவு என்று சபைக்கு அறிவித்தார். சபை மெச்சிக் கலைந்தது.

அதன்பின் அறை முறையாக நடந்தது. மாப்பிள்ளை நின்றபடி எழுதினார். மனு எழுதுவிக்க வந்தவர்கள் நின்றபடி சொன்னார்கள். கதிரை இருந்தது. ஒரு மத்தியானம் மாப்பிள்ளை ஏதோ எழுதிக்கொண்டு நிற்க, தானாவது இருந்து பார்ப்போம் என்று போடியார் உள்ளே போனார். கதிரையை நெருங்கியதும் முழங்கால் மடங்க மறுத்தது. அவரும் மருமகனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அரிசிச் சுளகோடு வந்த அன்னப்பூரணி, வெறுங்கதிரைக்கு முன்னால் கைகட்டி நின்ற இருவரையும் பார்த்தாள்.

"எண்ட வீடு, எண்ட அறை. ஆருக்கு நிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

அவள் போய்க் கதிரையில் இருந்து, சுளகை மடியில் வைத்துக் கல் பொறுக்கினாள். அவள் கைமோதிரம் தற்செயலாகக் கைப்பிடியில் பட்டது. டொக்.

"எஸ் சேர்," என்றார் மாப்பிள்ளை.

போடியாரின் கை தானாக வேட்டி மடிக்குப் போய், இரண்டு வருடம் பழசான வாய்க்கால் மனுவை எடுத்து நீட்டியது.

அன்னப்பூரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, இந்த முறை தற்செயலாக அல்லாமல், இன்னொரு தரம் தட்டினாள். இருவரும் ஓரடி முன்னால் வந்தார்கள். நெல்லை ஒதுக்கிவிட்டு மாட்டைக் கொட்டிலுக்குள் கட்டும்படி சொன்னாள். போய்க் கட்டினார்கள்.

அடுத்த மாதம் உசனார் ஓடாவியார் அந்தப் பக்கம் வந்தார். கதிரையில் ஆட்டம், அசைவு, ஏதும் குறை உண்டா என்று வாசலில் நின்று விசாரித்தார். உள்ளே டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. திண்ணையில் இருந்த போடியார் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழும்பினார்.

"ஒரு குறையும் இல்ல, ஓடாவியார்," என்றார். "முந்தி மாதிரியே வேல செய்யுது."