லைன்மேன் சலீமுக்கு ஒரு தாடி

பிறந்த மனிதர்களைப் பற்றிக் கவலைப்பட ஆரணியில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிறக்காத மனிதர்களுக்காகக் கவலைப்பட்டு, அதில் வியாபாரத்தையும் கெடுத்துக்கொண்ட ஒரே ஆள் ‘வேஷம்’தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பட்டுச்சேலைக் கடைகள் எல்லாம் முடிந்துபோய், பங்க்சர் கடையும் ஜூஸ் கடையும் தோளை இடித்துக்கொண்டு நிற்கும் சந்தில் அவர் கடை. நாடகத்துக்கும், பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கும் உடை வாடகைக்குத் தருவார். வாசலில் அட்டை கதாயுதம் தொங்கும். உள்ளே ஒரு ஸ்டூல். உடை கேட்டு வந்தவர் அதில் உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பமாகிவிடும்.

ஒருமுறை நான் அங்கே இருந்தபோது ஒரு அம்மா வந்தார். யூ.கே.ஜி. பையனுக்கு குஜராத்தி டிரஸ் வேண்டும்.

“பேரு?”

“யஷ்வந்துங்க.”

“உங்க பையன் பேரு இல்லம்மா. அந்த குஜராத்தி பேரு.”

“குஜராத்திக்கு எதுக்குங்க பேரு? ஒரு தலப்பா கட்டி, கையில ரெண்டு கோலு குடுத்தா போதும்.”

“பேரு இல்லாம எப்டிம்மா நடமாடுவான்? சரி, அத வுடு. வூட்ல யாருக்கு பயப்படுவான்?”

இந்தக் கடைசிக் கேள்விதான் வேஷத்தின் தத்துவம் முழுவதும். எந்த நாட்டுக்காரனாக இருக்கட்டும், எந்தச் சாமியைக் கும்பிடட்டும், வீட்டில் ஒருவருக்குப் பயப்படாத மனிதன் கிடையாது. அது யார் என்று தெரியாமல் தலைப்பாகை மட்டும் கட்டி அனுப்பினால் அது துணி காயப்போட்ட கம்பம்தான், மனிதன் இல்லை என்பார். கடைசியில் அந்தக் குஜராத்திக்கு ஹஸ்முக் என்று பெயர் வந்தது. அத்தைக்குப் பயப்படுவதாக முடிவாயிற்று. ஹஸ்முக்கும் பள்ளிக்கூடம் போகிற பையன்தானே என்று ஒரு அரைக்கால் டிரவுசரும் வெள்ளைச் சட்டையும் கொடுத்தார்.

“இதுக்கு எதுக்குங்க வாடக? எங்க வூட்லயே கீதே!”

“அப்போ அதையே போட்டு அனுப்பும்மா” என்றார் வேஷம், மகா திருப்தியுடன்.

பையன் மேடையேறி, “என் பேரு ஹஸ்முக். எனக்கு எங்க அத்தைன்னா பயம்” என்று சொல்லி, முதல் வரிசையில் தன் சொந்த அத்தையைப் பார்த்துவிட்டு, ஓவென்று அழுதான். ஆறுதல் பரிசு கிடைத்தது. அத்தை அந்த வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

இன்னொரு முறை ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் வந்து ஜவ்வாது மலை ஆதிவாசி வேஷம் வேண்டும் என்றார். இலைப் பாவாடை, ஈட்டி, முகத்தில் பூச வெள்ளைப் பெயின்ட்.

“சாரு, அங்கேர்ந்து நமக்கு பலாப்பழம் எடுத்துகினு வர்றவரு ஜீன்ஸ் பேன்ட்டு போட்டுகினு பைக்குல வர்றாரு. ஹெல்மெட்டு வேற. இலைய கட்டிகினு அந்த மலையில ஏறிப் பாருங்க. அட்டை எங்கெங்க கடிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“இது சும்மா ஒரு அடையாளத்துக்குங்க.”

“யாருக்கு அடையாளம்? அவருக்கா, நமக்கா?”

ஆசிரியர் வேலூரில் போய் வாடகைக்கு எடுத்தார். வேஷத்தின் கடையில் இருந்த இலைப் பாவாடைகள் அதன்பின் தண்ணீர் மோட்டாரின்மேல் வெயில் படாமல் போர்த்தப்பட்டிருந்தன.

இவ்வளவு கேட்கிறாரே, உலகம் தெரிந்தவரோ என்று நினைத்துவிடாதீர்கள். வேலூரைத் தாண்டி அவர் போனதில்லை. பஞ்சாப், ராஜஸ்தானில் ஒரு தாலுகா என்று நம்பிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்பார், பதில் கிடைக்கவில்லை என்றால் சொந்தமாக ஒன்று சொல்வார். அது எப்போதும் தப்பாக இருக்கும். கேள்வி மட்டும் விடாது.

இப்படிப்பட்டவர் கையில் நானே போய் விழுந்தேன்.

சேவூர்ப் பக்கம் புதிதாக முளைத்த காலனியில் எங்கள் வீடு. வருஷாவருஷம் பொங்கல் விழா. பத்திரிகைகளில் கதை எழுதுகிறவன் என்று காலனியில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. (என் கதைகளில் எல்லாரும் காபி குடிப்பார்கள். ஆள் மாறும், ஊர் மாறும், டம்ளர் மாறாது.) அதனால் நாடகம் எழுதச் சொன்னார்கள். ‘ஒரே தெரு’ என்று எழுதினேன். ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா கோபித்துக்கொண்டு மண்டபத்தை விட்டுக் கிளம்புகிறார். உடனே தெருவிலுள்ள பாய் பிரியாணி அண்டாவோடும், சேட்டு பணமூட்டையோடும், ஒரு பாதிரியார் ஆசீர்வாதத்தோடும் ஓடிவந்து அவர் காலைப் பிடிக்கிறார்கள். பெரியப்பா மனம் மாறுகிறார். எல்லாரும் கைகோத்து நிற்கிறார்கள். தேசம் ஒன்றுபடுகிறது. திரை.

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. இப்போது நினைத்தாலும் கலங்குகிறது, காரணம் வேறு.

பாய் வேஷம் சலீமுக்கு. எங்கள் காலனியில் குடியிருக்கும் லைன்மேன். தாடி கிடையாது. தினமும் சவரம் செய்த முகம். கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு கீழே இருப்பவர்களைக் கிண்டல் செய்கிற மனிதர். அவரை ஒரு தாடியும் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியும் எடுத்து வரச்சொல்லி வேஷத்திடம் அனுப்பினேன். உடன் நானும் போனேன்.

“யாருக்கு தாடி?” என்றார் வேஷம்.

“எனக்குத்தாண்ணே. பாய் வேஷம்.”

“நீ யாரு?”

“பாயி.”

“அப்புறம் எதுக்கு தாடி?”

“ரைட்டர் சாரு சொன்னாரு” என்று சலீம் என்னைக் காட்டிக்கொடுத்தார்.

வேஷம் என்னைப் பார்த்தார். ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

“பேரு இன்னா சார் அந்த பாய்க்கு?”

“பாய்தான்.”

“வூட்ல யாருக்கு பயப்படுவாரு?”

நான் என் எழுத்து வாழ்க்கையில் பல கேள்விகளைச் சமாளித்தவன். அன்றைக்கு அட்டை கதாயுதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சலீம் ஸ்கிரிப்டை வாங்கித் தன் வசனத்தை வாய்விட்டுப் படித்தார். “‘அரே பய்யா, நிம்பள் கோவிச்சுக்கறான், நம்பள் பிரியாணி குடுக்கறான்’... சார், எங்க வூட்ல உருது பேசறோம். வெளியில உங்ககூட இதான் பேசறோம். நடுவுல இது இன்னா சார், இது எங்க பேசறாங்கோ?”

வேஷத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அந்தப் பாய்க்கு அங்கேயே வாழ்க்கை வரலாறு கொடுக்க ஆரம்பித்தார். தாத்தா ஆற்காட்டு நவாப்பின் குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர். அப்பா வாணியம்பாடியில் அத்தர் வியாபாரி. இவருக்கு வீட்டில் நான்கு அக்காக்கள், நான்கு பேருக்கும் பயம். சொல்லிக்கொண்டே ஒரு வெல்வெட் கோட்டை எடுத்து சலீமின் தோளில் வைத்துப் பார்த்தார்.

சலீம் கோட்டை மெதுவாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்கோ. ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து இதான்ணே. மூணு பசங்க கைகோத்துகினு நிப்போம். எனக்கு மட்டும் தாடி. ஆபீஸ் விழாவுல தாடி, யூனியன் விழாவுல தாடி. சார் எழுதினதும் பாய்தான், நீங்க சொல்றதும் பாய்தான். உங்க பாய் கொஞ்சம் வசதியான பாய், அவ்ளோதான். எங்கம்மி எல்லாத்தையும் வந்து பாப்பாங்கோ. கைதட்டுவாங்கோ. ஒரு தபா கூட சிரிச்சதில்ல. மார்ச்சுல எனக்கு தென்காசி பக்கம் மாத்தலு. இதான் இங்க கடைசி. எனக்கு அந்த பெரியப்பா வேஷம் குடுங்கோ.”

வேஷம் கோட்டை வாங்கி, இருந்த ஆணியிலேயே மாட்டினார். கேள்வி கேட்கிறவரிடம் யாரோ பதில் சொல்லிவிட்டார்கள்.

பெரியப்பா வேஷம்தான் நாடகத்தின் உயிர். அதைக் காலனிச் சங்கத் தலைவர் தனக்கென்று எடுத்து வைத்திருந்தார். விவசாயத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்; கண்டிப்பானவர். மறுநாள் மாலை அவரையும் கடைக்கு வரவழைத்தார் வேஷம். விஷயத்தைச் சொன்னதும் தலைவர் முகம் சுருங்கியது.

“சலீம் நல்லா நடிப்பாரு, இல்லேங்கல. ஆனா பாய் எப்படிங்க மாப்ள வீட்டு பெரியப்பாவா வர முடியும்? நெத்தி நெறைய பட்டை போட்டுக்கிட்டு வரணுமே.”

“நீங்க கூட பட்டை போட மாட்டீங்களே தலைவரே” என்றார் சலீம் பணிவாக. “நீங்க நயினார் ஆச்சே.”

எனக்கு உள்ளே இடி. நயினார் என்றால் தமிழ்ச் சமணர். தலைவர் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கிராமத்துக்காரர். இருட்டினால் சாப்பிடமாட்டார். அதை நான் இத்தனை வருஷமாக அல்சர் என்று நினைத்து, பார்க்கும்போதெல்லாம் மணத்தக்காளிக் கீரை சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். என் நாடகத்தில் சமணர் என்றால் பணமூட்டை வைத்திருக்கும் சேட்டு. அசல் ஆள் அந்த ஸ்கிரிப்டைப் படித்து, எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்திருந்தார்.

“ஏன் சார் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே. அதோட நீங்க எழுத்தாளரு. ஏதாவது காரணத்தோடதான் எழுதியிருப்பீங்கனு விட்டுட்டேன்.”

“கோவிச்சுக்கறதுக்கு இன்னாங்க சாமி, இன்னா ஜாதி?” என்று வேஷம் ஒரு பட்டுக்கரை வேட்டியை எடுத்தார். “ரெண்டு பேரும் கட்டிகினு கோவிச்சுகினு காட்டுங்கோ. நான் பாத்து சொல்றேன்.”

தலைவர் முதலில். கண்ணை உருட்டினார். “இந்தக் கல்யாணம் நடக்காது!” என்று முழங்கினார். ஜூஸ் கடைக்காரர் மிக்ஸியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கைதட்டினோம்.

அடுத்து சலீம். வேட்டியைக் கட்டிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். கடை வாசலுக்குப் போனார். ஒரு காலில் செருப்பை மாட்டினார். அடுத்த செருப்பை மாட்டவில்லை. அதைக் கால் விரலால் நகர்த்திக்கொண்டே, தெருவைப் பார்க்கிற மாதிரி, யாராவது வந்து கையைப் பிடித்து நிறுத்துகிறார்களா என்று ஓரக்கண்ணால் உள்ளே பார்த்தார். யாரும் வரவில்லை. செருப்பை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, அது கிடைக்கவில்லை என்பதுபோல் தேட ஆரம்பித்தார்.

தலைவர் தன்னை அறியாமல் எழுந்து ஓடினார். “சம்பந்தி, சம்பந்தி, நம்ம வீட்டுக் கல்யாணத்துல நீங்களே இப்படிப் போனா எப்படி? உள்ள வாங்க!” என்று கையைப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் அது ஒத்திகை என்று ஞாபகம் வந்தது. கையை விடவும் இல்லை. “எங்க சித்தப்பா இதேதான்யா செய்வாரு. இதே செருப்பு. நீ எங்க பாத்த?”

“எங்க பெரிய மாமுங்க. வாலாஜாவுல. அவரு கிளம்பாத நிக்காவே கெடையாது.”

“எங்கூட்டு பெத்தநாயனாவும் அப்டித்தான்” என்றார் வேஷம். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், பெரியப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு எதுதான் தெரிந்திருந்தது?

தலைவர் பெண்ணின் அப்பா ஆனார். பாயை நாங்கள் எடுத்துவிடவில்லை. கரீம் என்று பெயர் வந்தது, பந்தல் போடும் தொழில், சின்ன மகளுக்குப் பயம் என்று சலீமே சொல்லிக்கொடுத்தார். அதை நான் நடித்தேன். எப்படி நடிப்பது என்று கேட்டதற்கு, “சும்மா இருங்க சார். நாங்க சும்மாதான் இருப்போம்” என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகக் கடினமான நடிப்புப் பயிற்சி அதுதான்.

விழா அன்று சலீமின் அம்மி முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். சலீம் மேடையில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்ததைத் தேட ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண், “ஐய, போவ மாட்டாரு, சும்மா நிக்கறாரு பாரு!” என்று கத்தினார். அம்மி முக்காட்டை வாயில் வைத்து அமுக்கிப் பார்த்தார். முடியவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண்ணின் தொடையில் அடித்து அடித்து, “எங்க அண்ணன்! எங்க அண்ணன்!” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேடையில் இருந்த சலீம் அதைப் பார்த்துவிட்டு வசனத்தை மறந்தார். பரவாயில்லை, மறந்தது கோபம் மாதிரியே இருந்தது.

நாடகம் முடிந்து வேட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது வேஷம் வாங்கவில்லை. “வெச்சிக்க. புது ஊர்ல யாராவது கல்யாணத்துக்கு கூப்புடுவாங்க. வெறும் பேன்ட்டு போட்டுகினு கோவிச்சுகினா யாரு மதிப்பாங்க?”

மார்ச்சில் சலீம் போய்விட்டார். அதிலிருந்து வேஷம் எனக்குப் போன் செய்கிறார். “அவரு எப்டி கீறாருனு கேட்டீங்களா?” என்பார். நீங்களே பேசலாமே என்றால், “எனக்கு போன்ல பேச வராது சார்” என்று என்னிடம் போனில் சொல்வார். நான் கதை எழுதுகிறவன், வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிடலாம். வைப்பதில்லை. “இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்று தென்காசிக்குப் போடுகிறேன்.

நேற்றும் கேட்டார். அங்கே நல்ல மழையாம் என்றேன்.

“ஈரத்துல கம்பத்துல ஏற வேணாம்னு சொல்லுங்க சார். நான் சொன்னன்னு சொல்லாதீங்க.”

சொல்லிவிட்டேன். அவர்தான் சொன்னார் என்றும் சொல்லிவிட்டேன்.