வளைவில் நின்ற வீடு

பெட்ரோல் குழாயை மூடியது வேறு யாருமில்லை, டிரைவர் காத்தமுத்துவேதான். குருவிட்டவுக்குச் சற்று முன்னால் வந்த வளைவில், காலைச் சொறிவதுபோல் குனிந்து மெல்லத் திருகிவிட்டான். வண்டி இருமியது, குலுங்கியது, ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோட்டோரமாக நின்றுபோனது.

அது சாதாரண வண்டி அல்ல. லொறிச் சட்டத்தின்மேல் பலகையால் ஒரு வீட்டையே கட்டியிருந்தார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, பீங்கான் அடுக்க அலுமாரியும் உண்டு. யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிளம்பி, இரத்தினபுரி வழியாக அம்பாந்தோட்டைக் கடல்வரை போய், ஒரு மாதம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. மலைமேல் அரண்மனைபோல் பங்களா இருக்க, இன்னொரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு இவர்கள் ஏன் அலைகிறார்கள் என்பது காத்தமுத்துவுக்கு விளங்கவே இல்லை. அவனுக்கும் தோட்டத்து லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று இருந்தது. அதில் பெண்டாட்டிதான் இல்லை.

மருதாயி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். அந்தத் தாய்வீடு இந்த வளைவுக்கு நேர் மேலே, குன்றின்மேல் இருக்கும் தோட்டத்து லயத்தில்தான். ஆண் பிள்ளை பிறந்து, அது குப்புற விழவும் தொடங்கிவிட்டதாம். பெற்றவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. புருஷன் நேரில் வந்து அழைத்தால்தான் பிள்ளைக்காரி புருஷன் வீட்டுக்குத் திரும்பலாம் என்பது அவர்கள் வழக்கம். வந்து அழைக்க லீவு வேண்டும். கேட்கும்போதெல்லாம் துரை ஒரே பதிலைச் சொன்னார்.

"புள்ளை எங்கே ஓடும்? அங்கேதான் இருக்கும். அப்புறம் போ."

காத்தமுத்து ஏங்கிப்போனான். வேலை முடிந்து வந்து வெறும் காம்பராவில் உட்கார்ந்தால் சோறு இறங்காது. பிள்ளைக்கு யார் சாடை, சிரித்தால் கன்னத்தில் குழி விழுமா, மருதாயி தன்னை நினைக்கிறாளா, திட்டிக்கொண்டிருக்கிறாளா? இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு கிடப்பான்.

ஆகவேதான் இந்தத் திட்டம். வண்டிக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி மலையேறுவது; பெண்டாட்டி பிள்ளையைக் கண்ணாரப் பார்ப்பது; முறையாக ஒரு வார்த்தை அழைப்பது. அழைத்துவிட்டால் போதும், பிறகு மாமனாரே கொண்டுவந்து விட்டுவிடுவார். கீழே வந்து குழாயைத் திறந்தால் வண்டி கிளம்பிவிடும்.

"கெட்டுப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே துரை குதித்து இறங்கினார். திருவிழாவுக்கு வந்த பிள்ளையைப்போல் அவர் முகம் மலர்ந்திருந்தது.

"சூடுங்க தொர. மேல தோட்டத்துல தண்ணி வாங்கியாந்து ஊத்தினா சரியாப்போயிருமுங்க."

"நீ பேசாதே. நான் பார்க்கும். ஸ்பேனர் புடி."

லண்டனிலிருந்து தருவித்த ஸ்பேனர் பெட்டி அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. துரை காபரேட்டரைக் கழற்றினார். அதன் பாகங்களையும் பிரித்தார். துரைசானி ஒரு புத்தகத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். அவளுக்குப் புருஷனைத் தெரியும்.

இன்னும் கொஞ்சம் விட்டால் வண்டியையே பிரித்துப் பரப்பிவிடுவார் என்று பயந்து, காத்தமுத்து நைசாகப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். காபரேட்டர் இல்லாத குழாய் அல்லவா! பெட்ரோல் பீறிட்டுத் துரையின் முகத்தில் அடித்தது.

"பெட்ரோல் வருது! நான் சரி பண்ணிச்சு!" என்று துரை துள்ளினார். துள்ளியதில் கையிலிருந்த காபரேட்டர் ஊசி தெறித்து, தண்ணீர் ஓடிய ரோட்டோரக் கானுக்குள் விழுந்தது.

காத்தமுத்து குழாயை மூடிவிட்டுக் கானுக்குள் இறங்கினான். சேற்றைத் துழாவியதில் நண்டு அகப்பட்டது, அட்டை கடித்தது, ஊசி மட்டும் கிடைக்கவில்லை. பொய்க்கு நின்ற வண்டி இப்போது நிஜமாகவே நின்றுவிட்டது. சனியனை விலைகொடுத்து வாங்கினோமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டான்.

"ஊசி வேண்டாம். சரிவிலே உருட்டினா ஸ்டார்ட் ஆகும்" என்றார் துரை.

"வேணாமுங்க தொர!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் துரை சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை உருவிவிட்டார். வீடு மெல்லப் பின்னால் நகர்ந்து, ஒரு அரைவட்டம் போட்டு, ரோட்டுக்குக் குறுக்கே போய் மண்மேட்டில் இடித்து நின்றது. அலுமாரியிலிருந்த பீங்கான் எல்லாம் சலசலவென்று கொட்டியது. மரத்தடியில் துரைசானி ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் குருவிட்டப் பக்கமிருந்து அவிசாவளை பஸ் வந்து, ஹாரனை அலறவிட்டது. காத்தமுத்து வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தான். இடித்த இடியில் ஸ்டீரிங் கம்பி மண்ணில் சிக்கியிருந்தது. வெளியே தெரிந்தது அவனுடைய கால்கள் மட்டுந்தான். பஸ் கிளீனர் நுஹ்மான் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணே, ரோட்ட எப்ப விடப்போற? உள்ளுக்கு ஆக்கள் காஞ்சு போறாங்க."

"தள்ளுறதுக்கு ஆம்பளைங்களை எறக்குங்க தம்பி. எப்படியாச்சும் தொரைகிட்ட தப்பிச்சு நான் மேல போகணும்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. மொதல்ல உங்க பஸ்ஸுல கத்துதே ஒரு புள்ள, அதை அமத்தச் சொல்லுங்க. தொர சொல்றது ஒண்ணுமே காதுல விழல."

"பச்சப் புள்ளைக்கு அதெல்லாம் வெளங்குமா அண்ணே?" என்று முணுமுணுத்துக்கொண்டே நுஹ்மான் எழுந்து போனான்.

ஆண்கள் இறங்கிவந்து தோள் கொடுத்தார்கள். காத்தமுத்து முன்னால் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தான். பின்னாலிருந்த பலகை வீடு அவனை முழுதாக மறைத்துக்கொண்டது. பஸ் போனால்தான் துரை ஓய்வார், துரை ஓய்ந்தால்தான் தனக்கு வழி பிறக்கும் என்ற தவிப்பில், தள்ளுகிறவர்களைவிட அதிகமாக அவனே கத்தினான். வீடு முக்கி முனகி ஒதுங்கியது. ஒரு முழ இடைவெளியில் பஸ் உரசிக்கொண்டு வந்தபோது, இவன் கையை நீட்டி அதன் தகரத்தில் படபடவென்று தட்டினான்.

"ரைட், ரைட்! போங்க, போங்க!"

பஸ் வளைவில் மறைந்ததும் துரை உடைந்த பீங்கான் நடுவே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் மசகு.

"காத்தமுத்து, நீ மேலே தோட்டத்துக்குப் போ. ஃபிட்டர் கூட்டி வா."

இந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை பாடும்! காத்தமுத்து ரப்பர் மரங்களுக்கிடையே குறுக்குப் பாதையில் ஏறினான். வழியில் பீலியிலிருந்து கொட்டிய தண்ணீரில் கையையும் முகத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், பிள்ளை பயந்துவிடக்கூடாது. பிள்ளைக்கென்று வாங்கி மடியில் வைத்திருந்த வெள்ளி அரைஞாணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மருதாயி முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பிறகு அழுவாள், தானும் அழுதுவிடுவோம் என்று நினைத்தபோதே கண் கலங்கியது. அழைப்பதற்கு என்ன வார்த்தை சொல்வதென்று வழிநெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடினான்.

லயத்தில் மாமனார் காம்பரா பூட்டியிருந்தது. ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை போலும். மருதாயியையும் காணோம். பக்கத்துக் காம்பராவில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த தங்கம்மா இவனைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"மருதாயி வூட்டுக்காரரா? அட கடவுளே, இப்பத்தானா வர்றீங்க தம்பி? வந்து அழைக்காம போகாதடின்னு அவ ஆத்தா மல்லுக்கட்டினதைக்கூடக் கேக்காம, 'அவரு வந்து அழைக்கிற வரைக்கும் என்னால பொறுக்க முடியாது'ன்னு, அழுவுற புள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பத்தானே குருவிட்டப் பக்கமா எறங்கி அவிசாவளை பஸ்ஸுல ஒங்ககிட்டயே கெளம்பிப் போனா!"