மாடியில் குடியிருந்த உறைச்சாமி

சென்ற மாதம் செங்கல்பட்டில் ஒரு திருமணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், "மாமல்லபுரத்தில் உங்கள் வீட்டு மாடியில் முன்பு பேய் குடியிருந்ததாமே?" என்று வினவினார். பாயசத்தைப் பாதியில் விட்டேன். பேய்க்குக் குனிந்து வணங்கத் தெரியாது. எங்கள் உறைச்சாமியோ குழாயடியில் காத்திருக்கும் வெற்றுக்குடத்துக்கும் குனிந்து வணங்கியவர். கதை நிலைபெற்று உண்மை மறையுமுன் இதனை எழுதிவைப்பது என் கடமையாயிற்று.

கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள கரையில் அவரளவு முகத்தை மூடிக்கொண்டவரும் இல்லை. அவரளவு ஊரறிந்த முகமும் இல்லை.

அவர் சப்பானியர். தொண்ணூறுகளின் இறுதியில் கல்பட்டறை ஒன்றில் சிற்பம் பயில வந்து, எங்கள் மாடியறையில் குடியமர்ந்தார். தமிழைப் பட்டறையிலேயே கற்றார். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இலக்கணம் கற்பித்த நான், முதல் நாட்காலையில், "சிற்றுண்டி அருந்தினீர்களா?" என்றேன். அவர் இடுப்பு வரை வளைந்து, மிகுந்த பணிவோடு, "நாஸ்தா ஆச்சு நைனா. நீ துன்னியா?" என்றார். அன்று எனக்குச் சிற்றுண்டி இறங்கவில்லை.

முதல் ஞாயிறு மாலை. காய்ந்த வடகத்தை எடுக்க மாடிக்குச் சென்ற என் மனைவி வெறுந்தட்டோடு இறங்கிவந்தாள்.

"என்னங்க, மேல வடகம் காயுது."

"நன்று."

"பக்கத்துல ஊதாக் கலர்ல ஒரு ஆளும் காயுறான். மூஞ்சி இல்ல."

ஏறிச் சென்று பார்த்தேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை, கண், மூக்கு, விரல் எதுவும் வெளித்தெரியாமல், உடலோடு ஒட்டிய ஊதா நிறத் துணிக்குள் ஒருவர் சம்மணமிட்டிருந்தார். என் காலடியோசை கேட்டதும் எழுந்து, நான் நின்ற திசைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. "எங்க ஊர்ல இதுக்குப் பேரு ஜென்தை, சார். இதுக்குன்னே தனிக் கூட்டம் கீது. நெறய பேருக்கு இது ஆசை மேட்டரு. புருசன் பொஞ்சாதி ஆசை மாரி, இந்தத் துணி மேலயே ஆசை. எனக்கும் அப்டித்தான் ஆரம்பிச்சுது. பொய் சொல்ல மாட்டேன்."

"இப்பொழுது?"

"இப்ப உள்ள பூந்துகினா நான் யாருமே இல்ல. அது சொகமா கீது."

செவி சிவக்க நின்ற நான், புலமைக்குள் புகுந்து தப்பினேன். அவ்வுடைக்கு 'முழுமெய்யுறை' என்றொரு சொல்லை ஆக்கி அளித்தேன். அவர் பலமுறை முயன்று, மூச்சிரைத்து, "உறை போதும் நைனா" என்றார். அப்பெயரே தெருவில் உறைச்சாமி ஆயிற்று. என் மனைவியோ, ஞாயிறுதோறும் மாடியின் கடைசிப் படியில் நின்று ஒருமுறை இருமிவிட்டே மேலேறலானாள். இரண்டாம் மாதம் வடகத்துக்கு வரும் காக்கைகளை விரட்டும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தாள். அவரைக் கண்ட காக்கைகள் எங்கள் தெருவையே துறந்தன.

இடர் அடுத்த மனையில் எழுந்தது. அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார் முனுசாமி. எங்கள் மாடியின் கைப்பிடிச் சுவரோரம் அசையாமல் நின்ற உறைச்சாமியைச் சாரத்திலிருந்து கண்ட கொத்தனார், அது புதுவீட்டுக்காக வைத்த திருஷ்டிப் பொம்மை என்றே முடிவு கட்டி, "மேஸ்திரி, பொம்ம சோக்கா கீதே! இன்னா வெலை?" என்று எட்டி அதன் வயிற்றைத் தட்டினார். பொம்மை தும்மியது. கொத்தனார் மணற்குவியலில் விழுந்தார். எழுந்தவர் அச்சரப்பாக்கத்திலுள்ள தம் வீடு சென்றே நின்றார்.

முனுசாமி வந்துவிட்டார். "சார், பொம்பளைங்க கொயந்தைங்க பொழங்குற தெரு இது. அந்தாளைக் காலி பண்ணச் சொல்லு. ஞாயித்துக்கெழம கோயிலாண்ட பேசிரலாம்."

பேச்சு எப்படி முடியும் என்பதை அறிவேன். எங்கள் தெரு விரட்டியவருக்கு ஊரில் வேறு எவரும் வீடு தரார். வீடின்றேல் பட்டறையும் இல்லை. கற்றல் பாதியில் நிற்கும். உறைச்சாமி அன்றிரவு உண்ணவில்லை. "வெறும் மூஞ்சியோட அத்தன பேர் முன்னாடி நின்னா நாக்கு எழும்பாது, சார்," என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு ஆடிக்கூழ் வார்க்கும் நாள் என்பதை முனுசாமியும் மறந்தார், நானும் மறந்தேன். தீச்சட்டி எடுப்போரும் வேப்பிலை உடுத்தோரும் வரும் வழியெங்கும் பெண்கள் மஞ்சள்நீர்க் குடங்களோடு நின்றனர். முனுசாமி பேசத் தொடங்கிய வேளையில், தெருமுனையில், ஊதா உறைக்குள், கைகூப்பியபடி, வழி தெரியாமல் தடவித் தடவி வந்தார் உறைச்சாமி.

மீன் விற்கும் கன்னியம்மாதான் முதலில் கண்டார். "அடி ஆத்தா! ஊசி நொழைய எடமில்லாம மூடிகினு, இந்த வெயில்ல எப்பேர்ப்பட்ட வேண்டுதலு! யாரு பெத்த புள்ளயோ!" என்று ஒரு குடத்தை அவர் கால்மீது கவிழ்த்தார். அடுத்தவர் தோளில், அதற்கடுத்தவர் தலையில். வேண்டுதல்காரரை மறிக்கலாகாது என்று முனுசாமியே பேச்சை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகி நின்றார்.

வாய் திறவாமல் நடந்திருந்தால் அவர் வென்றிருப்பார். அவரோ நின்றார். உள்ளிருந்து குரல் வந்தது: "எம்மா, இது வேண்டுதல் இல்ல. என் ஆசை. பொய் சொல்லிட்டு ஆத்தா கூழு குடிக்க மாட்டேன்."

பம்பை மேளம் நின்றது. முனுசாமிக்குப் பேச்சு திரும்பியது. "கேட்டீங்களா? அவன் வாயாலயே..."

"நீ சும்மா இரு, அண்ணாத்த," என்றார் கன்னியம்மா. "ஆசைதானே? என் வூட்டுக்காரன் கூத்துல பொம்பள வேசம் கட்டிட்டு, விடிஞ்சும் அவுக்க மனசு வராம கண்ணாடி முன்னாடி குந்திகினு இருப்பான். ஊரை வுட்டா தொரத்துனோம்? இந்தாள் எவ கையைப் புடிச்சான், எவ வூட்ட எட்டிப் பாத்தான்? கண்ணே தெரியல அவனுக்கு!" பிறகு உறையைப் பார்த்து, "மாடியோட வெச்சிக்க. கொத்தனாரைப் பாத்தா தும்மாத. இப்ப மூஞ்சியத் தொற. கூழு எது வழியா குடிப்ப?" என்றார்.

அதில்தான் சிக்கல். முதுகுப்புற ஜிப் (இதற்கு நல்ல தமிழ்ச்சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை) ஈரத்தில் இறுகிவிட்டது. உறைச்சாமி வளைந்தார், நெளிந்தார், பம்பைக்காரர் அதற்கேற்ப அடிக்கத் தொடங்கினார். இறுதியில் அருகில் நின்ற முனுசாமிதான், "ஆடாத நில்லுய்யா, பேஜாரு புடிச்சவனே!" என்று முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். மஞ்சள் வழியச் சிவந்த ஒரு முகம் வெளிவந்து முனுசாமியை வணங்கியது. பழக்கமில்லாத முனுசாமியும் பதிலுக்குக் குனிந்தார். இரு தலைகளும் மோதின. அந்த ஓசையோடு வழக்கு முடிந்தது. கருவாட்டுக் குழம்போடு மூன்று சொம்புக் கூழ் குடித்தார் உறைச்சாமி.

கற்றல் முடிந்து அவர் நாடு திரும்பிப் பல்லாண்டுகள் ஆயின. நினைவிலிருந்து எழுதியதாகலின் பிழைகள் இருக்கலாம். உறையின் நிறம் ஊதா என்கிறேன். முனுசாமி நீலம் என்கிறார். சொம்பு நான்கு என்பார் கன்னியம்மா. அன்று உடனிருந்தோர் திருத்தி எழுதினால் நன்றியுடன் ஏற்பேன். ஆனால் அந்த மாடியறையை நாங்கள் பின்னர் எவருக்கும் விடவில்லை என்பதிலும், என் மனைவி இன்றும் ஞாயிறு மாலைகளில் கடைசிப் படியில் நின்று ஒருமுறை இருமிவிட்டே மேலேறுகிறாள் என்பதிலும் பிழையில்லை.