டேக் என்றால் குளித்துப் பார்க்கணும்!

மதுரை ஜில்லாவில் மட்டுமில்லை, இந்த உலகத்திலேயே, ஒரு ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்பதற்காக வாடிக்கையாளர் வீட்டுக் குளியலறைக்குள் புகுந்து சோப்புப் போட்டுக் குளித்த ஒரே மனிதர் எங்கள் ஜப்பான் அண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு வாசலில் துண்டோடு நின்றவன் நான்!

திருநகரில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் மொத்தமே ரெண்டு மேஜை. ஒன்றில் நான், வேலை பிடித்து வருகிறவன். இன்னொன்றில் அவர். சென்னைப் பக்கம் ஜப்பான்காரர்கள் நடத்திய ஆலையில் பத்து வருஷம் இருந்து அந்த மொழியைக் கரைத்துக் குடித்தவர். ஆனால், "செஞ்சு பாக்காத வார்த்தைய எழுத மாட்டேன் மாப்ள" என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். நல்லெண்ணெய் பாட்டிலில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று ஜப்பானிய மொழியில் போட வேண்டி வந்தபோது, மூடி கழன்றதுகூடத் தெரியாமல் குலுக்கி, என் கம்ப்யூட்டருக்கு எண்ணெய்க் குளியல் நடத்தினார்.

ஒரு நாள் காலையில் ரெஜினா டீச்சர் மூச்சு வாங்க வந்தார். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டு மாடியை வெளியூர் விருந்தாளிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்.

"தம்பி, மூணு மாசமா போர்டு மட்டுந்தான் தொங்குது. இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஜப்பான்லருந்து ஒரு வயசான ஜோடி வாராங்க. முதல் விருந்தாளிங்க! இவங்க மொகம் கோணுனா போர்டக் கழட்டிடணும்னு எம் மகன் சொல்லிட்டான். இத அவங்க பாஷைல எழுதித் தாங்க."

நீட்டிய அட்டையில் அஞ்சே வரி. செருப்பைக் கழற்றவும், படம் எடுத்துக்கொள்ளவும், எட்டு மணிக்குள் குளிக்கவும், முனையில் பஸ் ஏறவும், கடைசியாகப் பத்திரமாகப் போய்வரவும். 'டேக் ஆஃப்' முதல் 'டேக் கேர்' வரை, டீச்சரின் ஆங்கிலத்தில் அஞ்சுமே 'டேக்' என்று ஆரம்பித்தன.

"அஞ்சு நிமிஷ வேலைண்ணே" என்றேன்.

"அஞ்சும் அஞ்சு வார்த்தை மாப்ள! இங்கிலீஷ்காரன் சோம்பேறி, ஒரே டேக்க வச்சு ஓட்டிட்டான். செருப்பக் கழட்டுறதும் பஸ் ஏறுறதும் ஒண்ணா? நாம அப்படியா பேசுறோம்? ஜப்பான்காரனும் நம்மள மாதிரித்தான். கெளம்பு, டீச்சர் வீட்டுக்கு!"

போனோம். வாசலில் செருப்பைக் கழற்றினார், முதல் வரி முடிந்தது. டீச்சரை நிற்கவைத்து ஏழு படம் எடுத்தார், ரெண்டாவது வரி முடிந்தது. மூன்றாவது வரிக்குத்தான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

"ஐயோ, விருந்தாளிக்கு வச்ச புது சோப்பு!" என்று டீச்சர் கதறினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தொட்டில எறங்கிக் குளிச்சா ஒரு சொல்லு, தலைல தண்ணி விழுந்தா வேற சொல்லு டீச்சர்! குளிக்காம எப்படித் தெரியும்? மாப்ள, துண்டு!"

ஈரத் தலையோடு பஸ் ஏறப் போனவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கலாம். மனிதர் வில்லாபுரம் வரை போய்விட்டு நாலரைக்குத் திரும்பினார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வரிதான் பாக்கி. பேனாவை மூடிவிட்டார்!

"சும்மா ஊருக்குப் போறவங்களுக்கு ஒரு சொல்லு, ஒடம்பு முடியாதவங்களுக்கு ஒரு சொல்லு. இவங்க எப்படிப் போவாங்கன்னு இப்பவே எனக்கென்ன தெரியும்? வழியனுப்புறப்ப எழுதித் தாரேன்."

"என் மானத்த வாங்கிட்டீங்களே!" என்றார் டீச்சர். அதற்குள் கார் வந்துவிட்டது. ஜப்பான் தாத்தா அட்டையைப் படித்தார், சிரித்தார், செருப்பைக் கழற்றினார். பிறகு அஞ்சாவது வரி காலியாக இருப்பதைப் பார்த்து, அட்டையைத் திருப்பி, மிச்சம் பின்பக்கம் இருக்கிறதா என்று தேடினார். டீச்சர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

மூன்றாம் நாள் காலை அவர்கள் கிளம்பும் நேரம். முந்தின நாள் திருப்பரங்குன்றம் படியில் கால் பிசகி, அந்தப் பாட்டி கட்டுப் போட்டு நொண்டிக்கொண்டு வந்தார். வலியை வெளியே காட்டவே இல்லை. எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். "இந்த வலியோட நம்ம வீட்டையும் சேத்துல்ல நெனப்பாங்க" என்று டீச்சர் கண்ணைத் துடைத்தார்.

ஜப்பான் அண்ணன் தேய்த்த சட்டையில் வந்து நின்றார். பாட்டியின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பேனாவைத் திறந்து அஞ்சாவது வரியை எழுதி, ரெண்டு கையாலும் அட்டையைப் பாட்டியிடம் கொடுத்தார்.

"ஒதாய்ஜினி" என்று வாயாலும் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நோவு கண்டவர்களுக்கு மட்டும் சொல்கிற வார்த்தையாம்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பாட்டி, அதைப் படித்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டார். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"அடுத்த வருசம் மகளையும் கூட்டிட்டு வாராங்களாம் டீச்சர். இதே ரூம்தான் வேணுமாம்" என்றார் அண்ணன்.

கார் கிளம்பியது. ஜப்பான்காரர்களைப் போலவே இடுப்பை வளைத்துக் குனிந்த மனிதர், அது தெருமுனை திரும்பிய பிறகும் நிமிரவில்லை. தினமும் அவரோடு மல்லுக்கு நிற்கிறேன், நாளைக்கும் நிற்பேன். ஆனால் ஒரு நாள் அவர் லீவு போட்டால், எதிர் மேஜை காலியாகக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.