அவள் ஸ்னோஷூவை மிதித்த கதை

பெண் பார்க்கும் வைபவத்தை வீட்டுக்குள் வைத்த நம் முன்னோர்கள் விவரமானவர்கள். பஜ்ஜித் தட்டு கையில் இருக்கும்வரை மாப்பிள்ளைப் பையன் பேசவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம். நானோ நேராகப் பனிமலைக்குப் போய் மாட்டிக்கொண்டேன்.

அப்போது நான் அமெரிக்காவில், பிளசன்டன் என்ற ஊரில் ரூம்மேட்டுகளோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். வித்யாவுக்கு சான் ஹோசேயில் வேலை. ஜாதகம் பொருந்தி, போனில் பேசி, எனக்கு அவளை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. அவளுக்கு என்னைப் பிடித்ததா என்பதுதான் தெரியவில்லை. கரூரிலிருந்து அம்மா வேறு, "இதுவும் தட்டிப்போச்சுன்னா உன் ஜாதகத்தை அமராவதி ஆத்துல விட்டுருவேன், பாத்துக்க" என்று மிரட்டியிருந்தாள்.

"காபி ஷாப்ல பார்க்கலாமாங்க?" என்று கேட்டேன்.

"அங்க எல்லாரும் நல்லா நடிப்பாங்க. டாஹோவுல ஸ்னோஷூ டூர் இருக்கு, கைடு கூட்டிட்டுப் போவாங்க. வர்றீங்களா?" என்றாள் வித்யா.

"ஸ்னோன்னா எனக்கு உயிருங்க" என்றேன். (அதுவரை நான் நெருங்கிப் பார்த்த பனி, ஃப்ரீஸரில் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றி இருந்ததுதான்.)

ஸ்னோஷூ என்றால் பனிக்கான பூட்ஸ் என்று நினைத்திருந்தேன். அது வேறு சமாச்சாரம். கால் புதையாமல் இருக்க, பூட்ஸுக்கு அடியில் முறம் மாதிரி ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். குதிகாலுக்குப் பின்னால் அதன் வால் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் போகிறவரின் வாலை மட்டும் மிதித்துவிடாதீர்கள் என்று கைடு மேகன் கிளம்பும்போதே சொன்னாள். எங்கள் கூட்டத்தில் வயதான அமெரிக்கத் தம்பதிகள்தான் அதிகம். அவர்கள் பைன் மரங்களைப் பார்த்தபடி நடந்தார்கள். நான் வித்யாவின் பின்னலைப் பார்த்தபடி நடந்து, அவள் வாலை நச்சென்று மிதித்தேன்.

அவள் தடுமாறி, கைக்கம்பை ஊன்றி நின்று, திரும்பினாள். அடுத்து நடந்ததற்கு என் மூளை பொறுப்பல்ல. யார்மேல் கால் பட்டாலும் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பழகிய கை இது. குனிந்தேன். முறத்தைக் கட்டிக்கொண்டு குனியக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு முழங்கால் பனியில் இறங்கிவிட்டது. அவள் ஷூவைத் தொட்ட கையுறையைக் கண்ணில் ஒற்றினேன். அதில் ஒட்டியிருந்த பனி கண்ணுக்குள் போய், தாரை தாரையாகக் கண்ணீர்.

அமெரிக்காவில் ஒரு பெண்ணின் முன்னால் ஒற்றை முழங்காலில் நின்று ஒருவன் அழுதால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஓ மை காட், ஹி இஸ் ப்ரொபோஸிங்!" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் அலறினார். எல்லாரும் கைதட்டினார்கள். போன்கள் வெளியே வந்தன. "சே யெஸ், ஹனி!" என்று கத்தினாள் மேகன்.

"ஐயோ, எழுந்திருங்க" என்று பல்லைக் கடித்தாள் வித்யா.

"முடியலைங்க. வால் மாட்டிக்கிச்சு."

எழ முயன்ற ஒவ்வொரு தடவையும் இன்னும் உருக்கமாக விழுந்தேன். ஜாதகம் ஆற்றோடு போவது கண்ணுக்கே தெரிந்தது. அதைவிட, இவளை இத்தனை பேர் முன்னால் சங்கடப்படுத்திவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசியில் அவளே என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிவிட்டாள். கூட்டம் விசிலடித்தது. மேகன் ஃபிளாஸ்கைத் திறந்து எல்லாருக்கும் ஹாட் சாக்லேட் ஊற்றினாள்.

"இப்ப போய் இல்லன்னு சொன்னா இவங்க பாவம். கார்ல பேசிக்கலாம்" என்று வித்யா என் காதோரம் சொன்னாள்.

காரில் பேசவில்லை. டிரைவ் பண்ணிக்கொண்டே வழியெல்லாம் சிரித்தாள். "கால் பட்டா தொட்டுக் கும்பிடறது சரி. அதுக்கு எதுக்குங்க அழுகை?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அத்தனை சந்தோஷமாக அதற்கு முன் எந்தக் காரிலும் உட்கார்ந்ததில்லை.

அலறிய அம்மாள் வித்யாவுக்கு அனுப்பிய வீடியோ, இன்றும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் டிவியில் ஓடுகிறது. "கல்யாணத்துக்கு முன்னாடியே கால்ல விழுந்த மாப்பிள்ளை இவர் ஒருத்தர்தான்" என்று மாமனார் பெருமையாக வர்ணனை கொடுப்பார். போன வாரம் அதைக் கவனமாகப் பார்த்த எங்கள் மகள், "வெயிட், அம்மா நெவர் செட் யெஸ்!" என்று கண்டுபிடித்துவிட்டாள்.

வித்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கப்பா எங்கடி கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டார்? மன்னிப்புதான் கேட்டார். இன்னும் கேட்டுட்டுதான் இருக்கார்."