சொருவலும் வாயாடி சர்வரும்

எந்தப் பொருளையும் கடையில் வாங்கினபடியே வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரே ஆள் உலகத்தில் எங்கள் சொருவல்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். புது பைக் வாங்கினால் மறுநாளே அதில் லாரி ஹாரன் அலறும். பேக்கரியில் பப்ஸ் வாங்கினால், அதைப் பிளந்து உள்ளே ஒரு மிளகாய் பஜ்ஜியைத் திணித்துவிட்டுத்தான் கடிப்பான். சொந்தத் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில், கல்யாண நேரத்துக்கும் மண்டபத்தின் பேருக்கும் நடுவில், ‘மாப்பிள்ளை வீட்டார் லேட்டாக வர வேண்டாம்’ என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. யார் வேலை என்று வீட்டில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. ஆபீசில் அது யாருக்கும் ஞாபகமில்லை; எதிலும் எதையாவது சொருகுவதால் சொருவல்தான்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். விடியும் முன்னே எழுந்து, பெங்களூர் ரயிலில் நின்றபடி தூங்கிப் போய், நின்றபடி தூங்கித் திரும்பி வந்துகொண்டிருந்த கூட்டம் நாங்கள். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பழகியதும் சாமுவேல் சார் என்கிற எங்கள் சக பயணி, “இன்னாத்துக்கு அங்க போவணும்? இங்கியே ஒரு கடையப் போடுவோம்” என்றார். போட்டோம். கல்யாண மண்டபம், ஸ்கூல், டைலர் கடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுப்பதுதான் தொழில். செய்ததைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. கஸ்டமர் போனில் கத்தினால் காது கொடுப்பதும் என் வேலை. சொருவல் வந்து சேர்ந்த பிறகு முதல் வேலைக்கு நேரமே கிடைக்கவில்லை.

வெப் சர்வர் என்று ஒன்று உண்டு. நீங்கள் போனில் ஒரு முகவரியைத் தட்டினால், அந்தப் பக்கத்தை எடுத்து அனுப்பி வைக்கிற மென்பொருள். உலகம் முழுக்க அதை அப்படியே வாங்கி வைத்து ஓட்டுகிறார்கள். ஆனால் அதை எழுதிய புண்ணியவான்கள், ‘வேண்டுமானால் நடுவில் உங்கள் சொந்தக் கோடு, அதாவது நாலு வரி புரோகிராம், சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அங்கங்கே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் கண்ணுக்கு அது படுவதில்லை. சொருவலுக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை.

“யக்கா, சர்வரு சூப்பரா ஓடுது.”

“ஓடுதில்ல, அப்ப வுட்டுடு.”

“அதான் ஓடுதே, நடுவுல நம்ம கோடு ஒண்ணு சொருவிக்கட்டா?”

அவன் சொருவிய முதல் கோடு ஒரு கல்யாண மண்டபத்தின் வெப்சைட்டில். இல்லாத பக்கத்தை யாராவது தேடினால், ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று சர்வர் வழக்கமாகச் சொல்லும். எங்கள் சர்வர் சொன்னது: ‘இன்னா தேடுற நைனா? அது இங்க இல்ல. வந்த வழியே போ.’

மண்டபத்துக்காரர் போனில் வந்தார். “யம்மா, எங்க பெரியப்பா ஹாலு புக் பண்லாம்னு பாத்தாரு. உங்க கம்ப்யூட்டரு அவர வந்த வழியே போவச் சொல்லுதும்மா!”

நான் சொருவலைத் தேடிப் போய்க் கத்தினேன். அவன் மிகவும் வருத்தப்பட்டு உடனே திருத்தினான். ‘தயவுசெய்து வந்த வழியே போங்க.’

இதில் வேடிக்கை, அந்தச் செய்தியைப் பார்ப்பதற்காகவே பக்கத்து ஆண்டர்சன்பேட்டைப் பையன்கள் வேண்டுமென்றே தப்புத் தப்பாக முகவரி தட்ட ஆரம்பித்தார்கள். மண்டபத்தின் உண்மையான பக்கங்களைவிட, அந்த இல்லாத பக்கத்துக்குத்தான் கூட்டம்.

அடுத்தது ஸ்கூல். ரிசல்ட் அன்றைக்கு ஊரே ஒரே சமயத்தில் தட்டும், வெப்சைட் படுத்துவிடும். வருஷா வருஷம் இதுதான். சொருவல் சர்வருக்குள் ஒரு கோடு வைத்து, வருகிறவர்களை வரிசையில் நிற்க வைத்தான். அவன் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவே மாட்டேன். அந்த வருஷம் வெப்சைட் படுக்கவில்லை. ஆனால் பொறுமையில்லாமல் திரும்பத் திரும்பத் தட்டுகிறவர்களை, ‘சும்மா சும்மா தட்டாத. பின்னாடி போ’ என்று கடைசிக்குத் தள்ளும்படியும் எழுதி வைத்திருந்தான். அன்று அதிகம் தட்டியவர் ஹெட்மாஸ்டர். தன் ஸ்கூல் ரிசல்ட்டை வாசலில் ஐஸ் விற்கிறவர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

இப்படியே ஒவ்வொரு கஸ்டமராகக் கழன்றுகொண்டிருந்தபோது, பெங்களூரிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. ரத்தப் பரிசோதனை லேப். ஊரெல்லாம் கிளை. யாரோ எப்போதோ எழுதிய பழைய புரோகிராம் ஒன்றில்தான் எல்லா ரிப்போர்ட்டும் இருந்தது. நோயாளிகள் அதைப் போனில் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். எங்களுக்கு முன்னால் போய்ப் பார்த்த கம்பெனிகளெல்லாம் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதவேண்டும் என்று சொல்லியிருந்தன.

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும் சார்” என்றான் சொருவல். “சர்வருக்குள்ள ஒண்ணு சொருவறேன். ஆளு கேட்டா அது போயி பழசுகிட்ட ரிப்போர்ட்ட வாங்கியாந்து குடுக்கும்.”

இதுவும் போனால் ஆபீசை மூடிவிட்டு எல்லோரும் பழையபடி விடியற்கால ரயில்தான் என்று எங்களுக்குத் தெரியும். சாமுவேல் சார் அவன் முன்னால் இரண்டு கையையும் கூப்பினார்.

“டேய், இதுல மட்டும் உன் வாயக் காட்டாதடா.”

“சத்தியமா காட்ட மாட்டேன் சார்.”

செய்து காட்டுகிற நாளில் நாங்கள் மூவரும் பெங்களூர் போனோம். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற மேனேஜர் அம்மா ஒருவர், கன்னடக்காரர். சாரின் போனைப் பெரிய டிவியில் மாட்டினோம். ஒரு ரிப்போர்ட் கேட்டோம், வந்தது. இன்னொன்று கேட்டோம், அதுவும் வந்தது. சார் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது.

அந்த அம்மா தன் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, “பழைய புரோகிராமை நிறுத்துங்கள், பார்க்கலாம்” என்றார்.

நிறுத்தினார்கள். அடுத்த ரிப்போர்ட்டைக் கேட்டோம். டிவி முழுக்கத் தமிழ் விரிந்தது.

‘கொஞ்சம் பொறு நைனா. உள்ள கீறவரு வயசானவரு, கூப்டா மெதுவாத்தான் வருவாரு. உன் ரிப்போர்ட்டு பத்திரமா கீது. பயப்படாத.’

“என்ன எழுதியிருக்கிறது?” என்று மேனேஜர் அம்மா கன்னடத்தில் கேட்டார்.

“‘தயவுசெய்து காத்திருக்கவும்’ மேடம்” என்றார் சார், அவரும் கன்னடத்தில்.

“அதற்கு இவ்வளவு நீளமா?”

“தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை மேடம்.”

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவன் சொருவல் இல்லையே! நடுவில் புகுந்து, ஒரு வார்த்தை விடாமல் கன்னடத்தில் மொழிபெயர்த்துச் சொன்னான். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “அது என்ன, ‘பயப்படாதே’?”

“ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்துனு கீறவன் பயந்துனுதான் மேடம் இருப்பான்” என்றான். பதற்றத்தில் அவனுக்குக் கன்னடம் போய்த் தமிழ் வந்துவிட்டது. “எங்கப்பாவுக்கு நான் பாத்தேன். வெள்ளையா வந்து நின்னுடுச்சு ஸ்கிரீனு. ரிப்போர்ட்டு இல்லியா, அப்பாவே இல்லியான்னு ஒண்ணும் புரியல. திரும்பத் திரும்பத் தட்டுனேன். ஒரு வார்த்த யாருனா சொல்லியிருந்தா போதும் மேடம்.”

அவன் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், மாலையில் கேரம் ஆடுகிறார். ஆனால் இந்தக் கதை எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். சார் அதைக் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தார். “புரிந்தது” என்று அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு டிவி பக்கம் திரும்பினார்.

“கன்னடத்திலும் போடுங்கள். ஆனால் ‘நைனா’ வேண்டாம்.”

“‘அண்ணா’ன்னு போட்டுக்கட்டா மேடம்?”

சாமுவேல் சார் அவன் காலை ஓங்கி மிதித்தார். அது என் கால்.

“போட்டுக்கொள்ளுங்கள்” என்றார் மேனேஜர் அம்மா. அப்போதுதான் அவர் பல் தெரிந்தது.

திரும்பி வரும் ரயிலில் பங்காருபேட்டை வரைக்கும் சார் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பங்காருபேட்டையில்தான் வாய் திறந்தார்.

“சத்தியம் பண்ணியேடா?”

“என் வாயக் காட்டாதன்னீங்க. நான் இன்னா பண்ணேன்? சர்வருதான சார் பேசுச்சு!”

ரயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார் சார்.

ஆபீஸ் பிழைத்தது. ஆனால் அடுத்த வருஷம் அந்த லேப்காரர்களே அவனைப் பெரிய சம்பளத்தில் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டார்கள். அப்பாவையும் கேரம் போர்டையும் எடுத்துக்கொண்டு அங்கேயே குடிபோய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது போன் அடிக்கும். “யக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு?” அவ்வளவுதான் விஷயம். அதற்கு அரை மணி நேரம் பேசுவான்.

போன ஞாயிறு அடிக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறியது. நானே கூப்பிட்டு, கறிக்குழம்பு என்று சொன்னேன்.